வராத டகரம்

அங்கப்பன் என்றால் சிங்காநல்லூரில் பலருக்குத் தெரியாது. 'ருசியா வாத்தியார்' என்றால் வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். காலையில் பல் துலக்கியதும் கண்ணாடிமுன் நின்று, உதட்டுக்கு எதிரே ஒரு தாள்துண்டைப் பிடித்துக்கொண்டு, ருசிய மொழியின் மெய்யொலிகளை ஒவ்வொன்றாக ஒலித்துப் பார்ப்பது அவர் வழக்கம். பகரம் சொல்லும்போது தாள் அசையலாகாது. அசைந்தால் அது ஆங்கிலப் பகரம். ருசியப் பகரம் நம்முடையதைப் போலவே மூச்சை வீணாக்காது என்பார். இளமையில் மாஸ்கோவில் உதவித்தொகை பெற்றுப் படித்துவந்து, வீட்டிலேயே ருசிய மொழி கற்பித்தவர். சோவியத் நாடு சிதறியபின் மாணவர் குறைந்து, ருசியாவுக்குச் சரக்கு அனுப்பும் பனியன் வியாபாரிகள் சிலர் மட்டும் மாலை வகுப்புக்கு வந்துகொண்டிருந்தனர்.

நடுநாக்கை மேலண்ணத்தோடு ஒட்டி ருசியத்தின் மென்மையான லகரத்தை எழுப்ப அவர்கள் திணறும்போது, அடுக்களையிலிருந்து அவர் மனைவி ராசாத்தாளின் குரல் வரும்.

"ஏனுங்க, உங்க ருசியாக்காரனுக்கு நாக்குல சுளுக்குங்களா? ஒரு 'ல' சொல்றதுக்கு வாயில கொழுக்கட்டைய வெச்சுக்கோணுமாட்ட இருக்குது!"

வியாபாரிகள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார்.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு சித்திரையில் ராசாத்தாளைப் பக்கவாதம் தாக்கியது. கைகால் ஓரளவு தேறின, வாய் தேறவில்லை. உதடு ஒருபுறம் தொங்கிற்று, நாக்கு எழ மறுத்தது. உயிரொலிகள் எஞ்சின, மெய்களெல்லாம் உதிர்ந்துபோயின. "ஆ அ அ ஐ" என்று அவள் வாசலைக் காட்டிச் சொன்னபோது, அது காரமடை என்று அவருக்கு உடனே விளங்கிற்று. அங்கேதான் அவள் அண்ணன் சுப்பையன் இருந்தார். அண்ணனுக்கு நெடுநாளைய மூச்சிழுப்பு, அவ்வாண்டு முற்றியிருந்தது. அண்ணனைப் பார்க்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவே.

"போலாம் அம்மணி. ஆனா இப்படியே போனா, பாக்கறவங்கெல்லாம் உச்சுக்கொட்டுவாங்க. நீ ஊர் பேரத் திருத்தமாச் சொல்லு. அன்னைக்கே பஸ் ஏறிப்போடலாம். உங்கண்ணன் காதுல உம்பட பேச்சு வுழுகோணும்" என்றார் அங்கப்பன்.

அன்பினால்தான் சொன்னார். மறுநாளே பயிற்சி தொடங்கிற்று. அடிநாக்கை எழுப்பிக் ககரம் வரவழைத்தார். ருசிய ரகரத்துக்கு வியாபாரிகளைப் பழக்குவதுபோல நுனிநாக்கை மேற்பல்லின் பின்னே நிறுத்தி அதிரச் செய்தார். விரலால் அவள் உதட்டைச் சேர்த்துப் பிடித்து மகரம் ஊட்டினார். எச்சில் வழியும், துடைப்பார். "இன்னொருக்கா" என்பார். ஊருக்குப் போகும் ஆசையில் அவளும் சலிக்காமல் சொல்வாள்.

டகரத்தில் எல்லாம் நின்றது. நாக்கை மடித்து அண்ணத்தைத் தொடும் அவ்வொலி ருசியத்தில் இல்லை. ஆகவே அவர் கற்ற பயிற்சி எதுவும் அங்கே உதவவில்லை.

ஆவணியில் ஒருநாள், அவளே நல்ல சேலை கட்டிக்கொண்டு, மஞ்சள் பையைத் தோளில் மாட்டியபடி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவரைக் கண்டதும் "காரமதை" என்றாள்.

"அடடே! மூணெழுத்து சுத்தமா வந்துபோச்சு!" அவர் முகம் மலர்ந்தது. "த இல்ல கண்ணு, ட. நாக்க இன்னுங் கொஞ்சம் பின்னால மடி. அடுத்த வாரம் வந்துரும்."

அவள் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

அடுத்த வாரம் வருவதற்குள் எதிர்வீட்டுத் தொலைபேசியில் செய்தி வந்தது. சுப்பையன் இறந்துவிட்டார்.

காரமடையில் இறங்கி நடக்கையில் அவள் அவர் கையைப் பிடிக்கவில்லை. சாவு வீட்டுக்குள் நுழைந்ததும், சுப்பையனின் மனைவி நஞ்சம்மாள் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"வந்துட்டயா ராசாத்தா! எந் தங்கச்சி வாரலயா வாரலயான்னு கேட்டுட்டே கெடந்தாரே! பேச்சு வராட்டிப் போவுது, சும்மா வந்து பக்கத்துல உக்காந்தாப் போதும்னாரே!"

ராசாத்தாள் அண்ணன் காலடியில் விழுந்து அழுதாள். அழுகைக்கு உயிரொலி போதும். அவளைச் சுற்றியிருந்த பெண்களின் குரலுக்கும் அவள் குரலுக்கும் வேற்றுமையே இல்லை. குரலைக் கொண்டு அவள் நோயுற்றவள் என்று புதிதாய் வந்தவர் எவரும் அறிந்திருக்க முடியாது. கூடத்துத் தூணோரம் நின்ற அங்கப்பன் நிமிர்ந்து பார்க்க மாட்டாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கருமாதி முடிந்தது. முதல்நாள் அழுகைக்குப் பின் அதுவரை ராசாத்தாள் ஓர் ஒலிகூட எழுப்பவில்லை. தண்ணீர் வேண்டுமாயினும் சொம்பைத்தான் காட்டினாள். அவர் அருகே வந்தால் உதட்டை இறுக்கிக்கொண்டாள். உறவினர் புறப்படத் தொடங்கியபோது நஞ்சம்மாள் அவரிடம் வந்தாள்.

"ஏனுங்ணா, நீங்களும் கெளம்பறீங்களா? உங்களுக்கு அங்க கிளாசு இருக்குமல்லங்க?"

அங்கப்பன் ராசாத்தாளைப் பார்த்தார். அண்ணன் படுத்திருந்த கட்டிலில் அவள் சுவரை நோக்கி உட்கார்ந்திருந்தாள்.

"கிளாச நிறுத்திப்போடறன் அம்மணி. இவளுக்கும் இனிப் பாடம் வேண்டாம். இவளாக் கெளம்பற வரைக்கும் நாங்க இங்கயே இருக்கறமுங்க" என்றார்.