நான்கு நாள் கரும்புகை

அக்டோபர் முதல் வாரத்தில் பெர்மெத்தின் கார் புகைய ஆரம்பித்தது. அவள் ஊரான போகோன்பாயெவிலிருந்து ஒழுங்காகத்தான் கிளம்பும். ஏரிக்கரைச் சாலையில் இரண்டு கிலோமீட்டர் போய் எஞ்சின் சூடானதும் உடம்பெல்லாம் உதறும். பின்னால் கரும்புகை, உள்ளே பெட்ரோல் நாற்றம்.

முப்பது வயதான ஜெர்மன் கார் அது. அதன் எஞ்சினை இரண்டு முறை பிரித்துக் கோத்தவன் அவள் கணவன் மிர்லான். பதினான்கு மாதமாக அவன் எல்லை தாண்டி, நோவசிபிர்ஸ்க் நகரில் ஒரு கிடங்கில் சரக்கு ஏற்றி இறக்குகிறான். சாப்பாட்டு இடைவேளையில் தினமும் வீடியோவில் கூப்பிடுவான். அவள் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கு மதிய வகுப்பு எடுக்கக் கிளம்பும் நேரம் அது.

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு."

அதற்குப் பிறகு என்ன பேசுவது என்று இருவருக்கும் தெரியாது. மூன்று நிமிடத்தில் வைத்துவிடுவார்கள்.

அன்று அவள் புகையைப் பற்றிச் சொன்னதும் அவன் முகமே மாறிப்போனது.

"என்ன கலர்ல வருது?"

"கறுப்பு."

"நீலமா, வெள்ளையா இல்லையே?"

"கெமிஸ்ட்ரி டீச்சர்கிட்டயே கலர் கேக்குறீங்களா? கறுப்புன்னா கறுப்பு."

"அப்ப ஆயில் எரியல, தண்ணியும் இறங்கல. பெட்ரோல்தான் கூடுதலா போகுது. என்னைக் காருகிட்ட கூட்டிட்டுப் போ."

முதல் நாள் எஞ்சினின் ஐந்து ஸ்பார்க் பிளக்கையும் கழற்றச் சொன்னான். ஐந்திலும் ஒரே மாதிரி கரி.

"அப்ப ஏதோ ஒரு சிலிண்டர் மட்டும் கெட்டுப்போகல. துடைச்சு மாட்டு. மத்ததை நாளைக்குப் பாப்போம்."

இரண்டாம் நாள் எஞ்சினை ஓடவிட்டு, பெட்ரோல் பீச்சும் இன்ஜெக்டர்களின் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டச் சொன்னான். எதைக் கழற்றினாலும் உதறல் கூடியது. ஐந்தும் வேலை செய்கின்றன என்று அர்த்தம். இன்னொரு தடவை மெதுவாகச் செய்யச் சொன்னான். நடுவில், "வேலிக்குப் பெயின்ட் அடிச்சியா?" என்றான்.

"வேலியை விடுங்க. மூணாவதைக் கழட்டிட்டு நிக்கிறேன்!"

மூன்றாம் நாள் காற்று ஃபில்டர், காற்றுக் குழாய். எங்கேயும் விரிசல் இல்லை.

"நெத்தியில கரி இருக்கு" என்றான்.

"எங்க?"

"இடது பக்கம். துடைக்காத, இருக்கட்டும்."

பள்ளிக்கு அவள் காரில் கூடவே வரும் இரண்டு டீச்சர்களும் வேனில் போக ஆரம்பித்துவிட்டார்கள். நான்காம் நாள் காலை பெர்மெத் பொறுமை இழந்து, பஜார் பக்கம் ஷெட் வைத்திருக்கும் குபாத்திடம் காரைக் கொண்டுபோனாள். அவர் சைலன்சர் ஓரம் குனிந்து முகர்ந்தார். பானெட்டைத் தூக்கினார். ரேடியேட்டர் குழாய் எஞ்சினைச் சேரும் இடத்தில் விரலை வைத்தார்.

"சூடு பாக்குற சென்சார். வயர் அறுந்திருக்கு, பாரு. எஞ்சின் கொதிச்சாலும் இன்னும் குளிர்தான்னு கம்ப்யூட்டர் நினைச்சுக்கும், பெட்ரோலை ஊத்திக்கிட்டே இருக்கும். இந்த வண்டி கறுப்பாப் புகைஞ்சா முதல்ல இதைத்தான் பாக்கணும். உன் வீட்டுக்காரன்கிட்ட கேக்கலையா? எனக்கே சொல்லிக்குடுத்தவன் அவன்தானேம்மா!"

பெர்மெத் அந்த அறுந்த வயரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பத்து நிமிஷ வேலை. முடிச்சுடட்டுமா?"

"வேண்டாம் அண்ணே."

"இந்தப் புகையோடயா போவ?"

"கொஞ்ச நேரம்தான்."

வீட்டு வாசலில் காரை நிறுத்தி உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். கோபம்தான் முதலில் வந்தது. நாற்றத்தில் நான்கு நாள், சக டீச்சர்களின் கிண்டல் வேறு. ஆனால் அவன் எவ்வளவு நிதானமாக ஒவ்வொரு திருகையும் சொல்லித் தந்தான், எத்தனை முறை அவளும் தெரியும்படி போனைத் தள்ளிப் பிடிக்கச் சொன்னான் என்று நினைக்க நினைக்க, கோபம் இறங்கியது. டேப்பைத் தேடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

போன் அடித்தது.

"இன்னைக்கு பெட்ரோல் பம்ப்பைப் பாத்துடுவோம்" என்றான் மிர்லான் உற்சாகமாக.

"சூடு பாக்குற சென்சார் எங்க இருக்கு?"

அவனுக்குப் பின்னால் ஏதோ வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"குபாத் அண்ணனா?"

"ஆமா. முதல் நாளே தெரியும், இல்ல?"

"கறுப்புன்னு சொன்னப்பவே." குரல் தாழ்ந்தது. "சொல்லியிருந்தா அன்னைக்கே முடிஞ்சிருக்கும் பெர்மெத். மறுபடி அதே 'சாப்பிட்டியா', 'ஆச்சு'தான். இந்த மூணு நாளும் தினம் அரை மணி நேரம் நம்ம வாசல்ல நின்னேன். உன் கை வேலை செய்யறதைப் பாத்துக்கிட்டே இருந்தேன். திட்டு."

"திட்டத்தான் போறேன். முதல்ல வேலை. டேப் எடுத்து வச்சிருக்கேன்."

வயரின் நுனிகளைச் சீவி, முறுக்கிச் சேர்த்து, டேப் சுற்றினாள். இந்த முறை அவன் சொல்லித் தரவில்லை. அவள் செய்ய, அவன் பார்த்துக்கொண்டிருந்தான். சாவியைத் திருப்பி ஓடவிட்டாள். சிறிது நேரத்தில் எஞ்சின் சூடானது. உதறல் இல்லை. புகைக்குழாய்க்கு முன்னால் கை நீட்டினால் வெறும் வெப்பக் காற்று.

"நல்லா ஓடுது" என்றான்.

"இடைவேளை முடிய இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"பன்னெண்டு நிமிஷம்."

"எங்க தூங்குறீங்க? பதினாலு மாசத்துல ஒரு தடவைகூடக் காட்டல."

"பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல."

"நான் பாக்கணும். நடங்க."

போனைப் பிடித்தபடி கிடங்கின் முற்றத்தைக் கடந்து, ஒரு இரும்புக் கொட்டகைக்குள் போனான். எட்டுப் பேர் படுக்கும் அடுக்குக் கட்டில்கள். ஒரு கெட்டில், காயப்போட்ட சாக்ஸ் வரிசை. அவனுடையது ஜன்னலோரத்து மேல்கட்டில். போர்வை நான்காக மடித்திருந்தது. வீட்டில் அவன் ஒரு நாளும் போர்வை மடித்ததில்லை.

"மெதுவா" என்றாள். "தலையணைப் பக்கம் காட்டுங்க. ராத்திரி குளிருமா?"

"ஜன்னல்ல இடுக்கு இருக்கு. துணி அடைச்சிருக்கேன்."

"எங்க, அதையும் காட்டுங்க."

காட்டினான். கண்ணாடிக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது.

அன்று அவள் வகுப்புக்கு இருபது நிமிடம் தாமதமாகப் போனாள்.