பதினோரு குதிரைக் காலம்

போர்சுக்கை எங்கள் கூடாரத்துக்குக் கொண்டுவந்தவர் என் அப்பா. காணாமல்போன பெண்குதிரை ஒன்றைத் தேடிப் போனவர், குதிரை கிடைக்காமல் ஒரு பையனோடும் அவன் அம்மாவோடும் திரும்பினார். பையனுக்கு எட்டு வயது இருக்கும். மேற்கே அவனுடைய குலத்தை யாரோ வெட்டிப் போட்டிருந்தார்கள். தாயும் மகனும் ஒரு வளைக்கரடிப் பொந்தை அகலமாக்கிப் பத்து நாள் அதற்குள் கிடந்திருக்கிறார்கள். எங்கள் பேச்சில் போர்சுக் என்றால் வளைக்கரடி, மண்ணைத் தோண்டிப் பொந்துக்குள் வாழும் சின்ன மிருகம். அப்பா வேடிக்கையாக வைத்த பெயர் அது. அவன் அம்மா அந்தக் குளிர்காலத்திலேயே போய்ச் சேர்ந்தாள். பெயர் மட்டும் அவனிடம் நிலைத்துவிட்டது.

என் அண்ணன் கைதாருக்கு அப்போது ஒன்பது வயது. எனக்கு ஏழு. மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே சேணம். முறை வைத்துச் சவாரி போவோம். முறை வராதவர்கள் பக்கத்தில் ஓடி வரவேண்டும். போர்சுக் மட்டும் தன் முறை வந்தாலும் சேணத்தை எனக்குக் கொடுத்துவிட்டு வேறொரு குதிரையின் வெறும் முதுகில் ஏறிக்கொள்வான். பெருந்தன்மை என்று அப்போது நினைத்தேன். சேணமில்லாமல் எல்லாரையும் முந்த வேண்டும் என்பது அவன் கணக்கு. இரண்டும் உண்மையாக இருந்திருக்கலாம்.

ஆட்டுக் கணுக்கால் எலும்புகளைச் சுண்டி ஆடும் ஆட்டத்தில் அண்ணன் கெட்டிக்காரன். முதல் வருடம் போர்சுக்கிடம் இருந்த எலும்பையெல்லாம் ஜெயித்துவிட்டான்.

"என்னடா பொந்துப் பயலே, அழப்போறியா?" என்றான் கைதார்.

"அழறதுக்கு என்ன இருக்கு? உங்கிட்டதானே இருக்கு. பத்திரமா வச்சிரு."

அந்தக் குளிர்காலம் முழுக்கப் போர்சுக் அடுப்புச் சாம்பலுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து சுண்டிச் சுண்டிப் பழகினான். விரல் நகம் பிளந்து ரத்தம் வந்தது. வசந்தம் வந்ததும் ஒரே நாளில் எல்லாவற்றையும் ஜெயித்து, ஜெயித்ததையெல்லாம் அண்ணன் மடியில் கொட்டினான். "எனக்கு இது வேணாம். நீ என்னை அப்படிப் பாத்தியே, அது மாறணும், அவ்வளவுதான்" என்றான். அன்றைக்குத்தான் இருவரும் இடுப்புக் கச்சையை மாற்றிக் கட்டிக்கொண்டு உடன்பிறப்பானார்கள்.

போர்சுக்குக்குப் பதினேழு வயதானபோது அந்தக் குளிர்காலம் வந்தது. பனி கொட்டியது. பிறகு வேளை கெட்ட வேளையில் மழை பெய்தது. அது அப்படியே உறைந்து புல்லின் மேல் இரும்பு மூடி மாதிரி கிடந்தது. குதிரைகள் குளம்பால் கீறிக் கீறிக் கால் கிழிந்து விழுந்தன. நானூறு குதிரையில் பதினொன்று மிஞ்சின. அப்பா மிஞ்சவில்லை.

மலைக்கு அந்தப் பக்கம், காற்று படாத பள்ளத்தாக்கில், தாக்சின் குலத்தார் இருந்தார்கள். அங்கே மழை பெய்யவில்லை. அவர்கள் தலைவர் புல்காய் எங்களை உள்ளே உட்காரவைத்துச் சூடாகக் கறிச்சாறு கொடுத்தார். ஆனால் மேய்ச்சலுக்கு இடம் கேட்டபோது கையை விரித்தார்.

"என் ஆட்டுக்கே இந்தப் புல் பத்தாது, தம்பி. தப்பா நினைக்காதீங்க."

"இதுல தப்பா நினைக்க என்ன இருக்கு, பெரியவரே" என்று போர்சுக் வணங்கிவிட்டு எழுந்தான்.

மறுநாள் விடிந்ததும், அவர்களுடைய இளைஞர்கள் மந்தையோடு தூரமாகப் போயிருந்த நேரத்தில், பதினோரு குதிரையில் எங்கள் ஆட்கள் பதினோரு பேர் அங்கே திரும்பிப் போனார்கள். புல்காயை அவருடைய அடுப்படியிலேயே போர்சுக் கொன்றான். நான் பின்னால் எருது வண்டியோடு போய்ச் சேர்ந்தபோது அண்ணன் வெளியே நின்று கத்திக்கொண்டிருந்தான்.

"நேத்துதானேடா அவர் கையால குடிச்சோம்! சூடு இன்னும் வயித்துல இருக்கேடா!"

"ருசியாத்தான் இருந்துச்சு" என்றான் போர்சுக், பனியில் கையைத் துடைத்தபடி. "அதனாலதான் வலிக்காம முடிச்சேன்."

அன்று மாலை அந்தக் குலத்தார் எல்லாரையும் வரிசையாக உட்காரவைத்தான். அடிமைகளாகப் பிரித்துக்கொள்வான் என்று அவர்கள் காத்திருந்தார்கள். அவனோ தன் கையாலேயே கறியை வெட்டி, எங்களுக்கு எவ்வளவோ அவர்களுக்கும் அவ்வளவு என்று வைத்தான். "எங்கூட வந்தா உங்களுக்கும் இதே பங்கு. எதுத்து நின்னா பங்கு வாங்க ஆள் இருக்காது" என்றான். எல்லாரும் தின்றார்கள். நானும் தின்றேன். தொண்டையில் சிக்கவில்லை. பசி அப்படி.

அதற்குப் பிறகு வந்த மூன்று கோடைகள்தான் இப்போதும் என் கண்ணுக்குள் நிற்கின்றன. பனி உருகிச் சாருக்கோல் ஆறு கலங்கலாக ஓடும். பெண்குதிரைகளை நான் கறப்பேன். குட்டிகளை அண்ணன் பிடித்துக்கொள்வான். போர்சுக் பால் தோற்பையைக் கோலால் கடைந்துகொண்டே அடுத்து எந்தக் குலத்தை எப்படி வளைப்பது என்று மணலில் கோடு போடுவான். நடுவில் அண்ணன் அந்தக் கோட்டை வேண்டுமென்றே மிதித்துவிட்டுப் போவான். இருவரும் கட்டிப் புரண்டு ஆற்றில் விழுவார்கள். அந்தக் கோடுகள் எல்லாம் எரிந்த கூடாரங்கள் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் சிரித்தேன். வயிறு நிறைந்திருந்தது, எங்களை விரட்ட யாருமில்லை, மூன்று பேரும் ஒன்றாக இருந்தோம்.

மூன்று குலம் ஒன்பதாயிற்று. ஒன்பது முப்பதாயிற்று. புல்வெளி முழுக்கப் போர்சுக்கின் பெயரைச் சொல்லித்தான் குழந்தைகளை அதட்டினார்கள். பிறகு செங்கல் நகரங்கள் விழ ஆரம்பித்தன. அவன் கூடாரத்தை இழுக்க இருபத்திரண்டு எருதுகள் வேண்டியிருந்தன. நிலைப்படியை மிதித்தவன் தலை போகும் என்று சட்டம் வந்தது. எனக்குக் கணவன் வந்தான், குதிரை பழக்குகிறவன். ஒருநாள் குதிரையே அவனைக் கொண்டுபோயிற்று. அதன்பின், கானாகிவிட்ட போர்சுக்குக்கென்று ஒதுக்கிய இருநூறு வெள்ளைப் பெண்குதிரைகளுக்கு நான் பொறுப்பாக இருந்தேன். அண்ணன் இடது அணியின் தளபதி. நாங்களும் மற்றவர்களைப் போல அவனைக் 'கான்' என்றுதான் கூப்பிட்டோம். முதல் தடவை அப்படிச் சொன்னபோது போர்சுக்கின் முகம் கொஞ்சம் சுருங்கியது. வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை.

பதினோரு குதிரை மிஞ்சிய அந்தக் குளிர்காலத்திலிருந்து இருபத்தோராவது வருடம் இலாமுர் நகரத்தை முற்றுகையிட்டோம். சமாதானம் பேசப்போன மூன்று தூதர்களின் தலையை அந்த ஊர்க்காரர்கள் மதிலுக்கு மேலிருந்து எறிந்தார்கள். அந்த ஊரில் மூச்சு விடுகிற ஒன்றும் மிஞ்சக்கூடாது என்று கான் உத்தரவிட்டான். அவன் உத்தரவுகளில் புதியதொன்றும் இல்லை. ஆனால் வடக்கு வாசல் பக்கம் நின்றது அண்ணன். மதில் விழுந்த மூன்றாம் நாள் பெரிய புழுதிக்காற்று எழுந்தது. நடுப்பகலில் கை நீட்டினால் விரல் தெரியவில்லை. அந்தப் புழுதிக்குள், வறண்ட வாய்க்கால் வழியாக, பெண்களும் குழந்தைகளுமாக எண்ணூறு பேர் வெளியேறிவிட்டார்கள். வாய்க்கால் ஓரம் நின்ற ஆட்களை அண்ணனே விலக்கி அனுப்பியிருந்தான்.

காற்று அடங்கியதும் விஷயம் வெளியே வந்தது. விலகிப் போன நாற்பது வீரர்களின் தலையும் அன்றே போயிற்று. அண்ணன் தானாகவே நடந்து கானின் கூடாரத்துக்கு வந்தான். நான் பின்னாலேயே ஓடினேன். நிலைப்படியை மிதித்தேனா தாண்டினேனா தெரியவில்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை.

"என் ஆளுங்க மேல தப்பு இல்ல. நான் சொன்னதைத்தான் செஞ்சாங்க" என்றான் கைதார்.

"தெரியும்" என்றான் போர்சுக். "நான் சொன்னதுக்கு மேல நீ சொன்னதைக் கேட்டாங்க. அதுக்குத்தான் அது."

"குழந்தைங்கடா போர்சுக். ஒருத்தி ஒரு பானையை இடுப்புல வச்சுகிட்டு ஓடுறா. உள்ளே பாத்தா கைக்குழந்தை. அவளை நான் எப்படிடா..."

'டா' என்ற சொல் அந்தக் கூடாரத்துக்குள் பல வருடங்களாகக் கேட்டதில்லை. காவல்காரர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

நான் காலில் விழுந்தேன். "கான், எங்கப்பா உங்களுக்குச் சோறு போட்டவர். அதுக்காகவாவது விட்டுடுங்க. நாங்க ரெண்டு பேரும் எங்கேயாவது போயிடறோம். உங்க கண்ணுல படவே மாட்டோம்."

"நாப்பது பேருக்கும் அப்பன் இருந்தான், ஒதுன். தங்கச்சி இருந்தா. இவனை விட்டா நாளைக்கு எல்லாரும் என் முகத்தைப் பாத்துக் கேப்பாங்க" என்றான் போர்சுக்.

"எழுந்திரு ஒதுன்" என்றான் அண்ணன். "இவன் மாத்திக்க மாட்டான். நமக்குத் தெரியாதா இவனை?" அப்புறம் போர்சுக்கைப் பார்த்துச் சிரித்தான். "எலும்பு வச்சிருக்கியா? ஒரு ஆட்டம் போடலாமா?"

போர்சுக் காவல்காரர்களை வெளியே அனுப்பினான். பெட்டியைத் திறந்து எலும்புப் பையை எடுத்தான். அவர்கள் இருவரும் தரையில் உட்கார்ந்தார்கள். நான் மாட்டேன் என்றேன். அண்ணன் என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தான். எவ்வளவு நேரம் ஆடினோம் என்று சொல்லத் தெரியவில்லை. சுண்டிய எலும்பு அண்ணனுடைய முழங்காலில் பட்டுத் தெறித்தபோது, "இது செல்லாது, இது செல்லாது!" என்று போர்சுக் கத்தினான். "போடா, பொந்துக்குள்ள போய்ச் சொல்லு!" என்றான் அண்ணன். மூன்று பேரும் சிரித்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், நடிப்பு இல்லை. அந்தச் சிரிப்பில் எங்களுக்கு இருபது வயது குறைந்திருந்தது. கடைசி எலும்பை ஜெயித்தது அண்ணன்தான். போர்சுக் விட்டுக்கொடுத்தானா என்று நான் பார்க்கவில்லை.

உடன்பிறப்பின் ரத்தம் மண்ணில் விழக்கூடாது என்பது எங்கள் வழக்கம். அண்ணனைக் கம்பளத்தில் சுருட்டினார்கள். அதன் மேல் குதிரைகளை ஓட்டினார்கள். போர்சுக் கூடாரத்தை விட்டு வெளியே வந்து, முடியும்வரை நின்று பார்த்தான். முகத்தைத் திருப்பவில்லை. அதற்காக அவனை வெறுத்தேன். திருப்பியிருந்தால் இன்னும் அதிகமாக வெறுத்திருப்பேன்.

மறுநாள் ஒன்பது பெண்குதிரைகளை ஓட்டிக்கொண்டு கிளம்பினேன். யாரையும் கேட்கவில்லை. காவல் வரிசை ஒவ்வொன்றும் எனக்கு வழிவிட்டது. சாருக்கோல் வந்து சேர அறுபது நாளாயிற்று. வழியெல்லாம் அவன் பிடித்த நாடுதான்.

பன்னிரண்டு வருடம் கழித்து ஒரு கோடையில், இரண்டே ஆட்களோடு அவன் வந்தான். குதிரையிலிருந்து இறங்க ஒரு ஆள் தோள் கொடுக்க வேண்டியிருந்தது. தாடி நரைத்து, ஒரு கண்ணில் பூ விழுந்திருந்தது. நான் கறந்துகொண்டிருந்தேன். எழுந்திருக்கவில்லை.

"குட்டியைப் பிடிக்க ஆள் இல்லையா?" என்றான்.

"நீதான் நிக்கிறியே. பிடி."

பிடித்தான். பெண்குதிரைகளைக் கோடையில் ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது கறக்க வேண்டும். ஆறு தடவையும் வந்து பிடித்தான். கூட வந்தவர்கள் பதறிப் போய்ப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று நாள் இருந்தான். குதிரைகளைக் கட்டும் கிழிந்த தோல் கால்தளையை உட்கார்ந்து தைத்துக் கொடுத்தான். நகரங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆற்றின் போக்கு மாறிவிட்டதா, இந்தக் கரை முன்பு இவ்வளவு உயரமா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

கிளம்புகிற அன்று, "கைதாரை விட்டிருக்கலாம்னு நினைக்கிறியா?" என்றான்.

"நினைக்கிறேன்."

"விட்டிருந்தா என் கூட்டம் சிதறியிருக்கும். நான் இன்னிக்கு இங்க வந்து உட்கார்ந்திருக்க முடியாது, ஒதுன்."

"வரவே வேண்டியிருந்திருக்காதுடா. மூணு பேரும் இங்கேயே இருந்திருப்போம்."

அவன் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு, குளிக்கவேண்டும் என்றான். அந்த வயதில், அந்தக் குளிர்ந்த தண்ணீரில், மார்பளவு இறங்கி நின்றான். வெளியே வந்தவனுக்கு நான்தான் மேலே கம்பளி போர்த்தினேன். உடம்பெல்லாம் தழும்பு. எந்தத் தழும்பு எந்த ஊரில் வாங்கியது என்று எனக்குத் தெரியவில்லை. முழங்காலில் இருந்த பழைய காயம் ஒன்று மட்டும் தெரிந்தது. பத்து வயதில் ஆட்டைத் துரத்தி விழுந்தது.

அடுத்த வசந்தத்தில் தெற்கே ஏதோ ஒரு மதிலுக்கு வெளியே காய்ச்சலில் போய்விட்டான் என்று செய்தி வந்தது. அவனுடைய நான்கு மகன்களும் வருடம் திரும்புவதற்குள் ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டார்கள். அவன் கட்டியது துண்டு துண்டாகப் போயிற்று. செய்தி கேட்ட அன்று நான் வாய்விட்டு அழுதேன். பக்கத்துக் கூடாரத்துப் பெண்கள் ஓடிவந்து, "கானுக்காகவா இப்படி அழறே? உன் அண்ணனைக் கொன்னவன் இல்லையா?" என்றார்கள்.

"ஆமா, கொன்னவன்தான்" என்றேன். அழுகை நிற்கவில்லை. அவர்களில் ஒருத்தி வாளியை எடுத்துக்கொண்டு, எனக்காகக் குதிரைகளைக் கறக்கப் போனாள்.