அத்தைக்கு எடுத்த கவுன்

அந்தக் கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. ஆனால் அதைப் படித்துவிட்டு யாரும் வருவதில்லை. "கண்ணளவு அக்கா கடை எங்க இருக்கு?" என்று விசாரித்துக்கொண்டுதான் வருவார்கள். மருந்துக் கடைக்கும் சாவி செய்பவரின் பெட்டிக்கடைக்கும் நடுவில், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி வைத்த சின்னக் கடை. பழைய கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களில் பெண்கள் போட்டிருப்பார்களே, இடுப்பைக் கவ்வி முழங்காலுக்குக் கீழே குடையாய் விரிகிற கவுன், அகலக் காலர் வைத்த சட்டை, தோள் தூக்கிய குட்டைக் கோட்டு, அந்த மோஸ்தரில் புதிதாகத் தைத்து விற்பதுதான் அவள் தொழில்.

வாசலில் ஆள் நுழையும்போதே அளவு அவள் கண்ணில் விழுந்துவிடும். டேப்பை எடுப்பதெல்லாம் வந்தவர்களின் திருப்திக்காகத்தான். "எனக்குப் பேரிக்காய் உடம்பு, பத்திரிகையில போட்டிருக்கான்" என்று யாராவது ஆரம்பித்தால், "உடம்பு என்ன பழக்கடையா?" என்று சிரித்தபடி கையைப் பிடித்துக் கண்ணாடி முன் நிறுத்துவாள். இடுப்பு அகலமானவளுக்குப் படகு போலத் திறந்த கழுத்தும் லேசாக உப்பிய கையும் வைத்து, பார்ப்பவர் கண்ணை மேலே இழுப்பாள். குச்சி மாதிரி நேராக இருப்பவளுக்கு அகலப் பெல்ட்டும் நிறைய மடிப்பு வைத்த பாவாடையும் கொடுத்து, இல்லாத இடுப்பை உண்டாக்கிவிடுவாள். மார்பு கனத்தவள் கழுத்து வரை பட்டன் போட்டுக்கொண்டு வந்தால், "கொஞ்சம் மூச்சு விடுங்கம்மா" என்று ஆழக் கழுத்து வைத்த சட்டையை எடுத்து நீட்டுவாள். மறைப்பது என்ற பேச்சே அவள் வாயில் வராது. "எங்க பாக்கணும்னு நாம சொல்லிட்டா, பாக்கறவங்க அங்கதான் பாப்பாங்க" என்பாள்.

அப்படிப்பட்டவள் தன் புருஷன் எங்கே பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதை மட்டும் கவனிக்காமல் விட்டுவிட்டாள். ஒருநாள் சாப்பிட்டு முடித்து, தண்ணீரும் குடித்துவிட்டு, "எனக்கு வேற ஒருத்தியப் பிடிச்சிருக்கு" என்றான். சண்டையில்லை, சத்தமில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அடித்து வைத்த சிலை போல அவள் அதே நாற்காலியில் கிடந்தாள். மறுநாள் அவனுடைய அம்மாதான் வந்து, அவள் முகத்தைக் கழுவிவிட்டு, சின்னக் குழந்தைக்கு ஊட்டுவது போல ஊட்டிவிட்டார்.

அத்தை பேருந்து நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். குள்ளம். வயிறும் இடுப்பும் ஒன்றாகிப் போன உருண்டை உடம்பு, அதைத் தாங்க இரண்டு கொக்குக் கால். "வேலைக்குச் சேந்த நாள்லேருந்து கவுண்டருக்கு மேல இருக்கற பாதியத்தான் ஊரு பாத்திருக்கு. கீழ்ப்பாதிய யாரும் கண்டுக்கல, அது இஷ்டத்துக்கு வளந்துடுச்சு" என்று தன்னையே கேலி செய்துகொள்வார். கல்யாணமாகி வந்த புதிதில் அவருக்கு ஒரு சட்டை எடுத்துக் கொடுத்து, முதன்முதலாகக் கண்ணாடியில் நின்று பார்க்கவைத்தவள் இவள்தான். தாயில்லாமல் சித்தப்பா வீட்டிலும் விடுதியிலுமாக வளர்ந்தவள் அந்த அத்தையோடு ஒட்டிக்கொண்டாள்.

மகன் வீட்டைவிட்டுப் போனபோது அத்தை யோசிக்கவேயில்லை. "அவன் என் வயித்துல பொறந்தவன். நீ என்ன நம்பி வந்தவ. வந்தவளத்தான் நான் பாக்கணும்" என்றார். வெகுகாலம் மகனின் போனை எடுக்கவில்லை. விவாகரத்து முடிந்து, அவள் கடைக்கு மேலேயே ஒரு அறை எடுத்துக்கொண்டு வந்த பிறகு, வாரா வாரம் ஏதாவது ஒரு சாக்கோடு வருவார். "பட்டன் அறுந்துடுச்சு கண்ணு" என்று சட்டையை நீட்டுவார். நூலின் முனையைப் பார்த்தாலே அவளுக்குத் தெரியும், அது அறுந்ததல்ல, கத்தரிக்கோலால் வெட்டியது. ஒன்றும் சொல்லாமல் தைத்துக் கொடுப்பாள். ஒரு பட்டன் தைக்கும் நேரத்தில் ஊர்க்கதை எல்லாம் பேசி முடிப்பார்கள்.

அன்று மதியம் அத்தை வந்தபோது கையில் சட்டை எதுவும் இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து, ஹேங்கரில் தொங்குகிற துணிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன அத்தை, புதுசா வந்த ஆள் மாதிரி பாக்கறீங்க?"

"எனக்கு ஒரு நல்ல துணி வேணும் கண்ணு. விசேஷத்துக்குப் போடற மாதிரி."

"யார் வீட்டு விசேஷம்?"

"மொதல்ல துணியக் காட்டு."

அவள் காட்டினாள். வட்டமாய் விரிகிற கவுனைப் போட்டுக்கொண்டு வெளியே வந்த அத்தை, "மழை பேஞ்சா ரெண்டு பேரு இதுக்குக் கீழ ஒதுங்கலாம்" என்றார். இடுப்பை இறக்கித் தைத்த கவுனில், "தலையணைக்கு உறை போட்டாச்சு" என்றார். இருவரும் சிரித்தார்கள். பிறகு அவள் உள்ளே போய், மயில்கழுத்து நிறத்தில் ஒன்றைக் கொண்டுவந்தாள். முன்பக்கம் ஒன்றன் மேல் ஒன்றாய்க் குறுக்கே வந்து கட்டுகிற மாதிரி, கழுத்து சரிந்து இறங்க, மார்புக்குக் கீழேயே தையலை நிறுத்தி, அங்கிருந்து கெண்டைக்கால் வரை தடையில்லாமல் விழுகிற துணி. முழங்கை தாண்டி நிற்கிற கை. வயிறு இருந்த இடமே தெரியவில்லை. அந்த மெல்லிய கால்கள், இத்தனை காலம் கேலிக்கு மட்டும் ஆளான கால்கள், அழகாகத் தெரிந்தன.

அத்தை கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார். கேலி எதுவும் வரவில்லை.

கீழ் ஓரத்தை மடித்துக் குண்டூசி குத்த அவள் தரையில் மண்டியிட்டாள். உதடுகளுக்கு நடுவே நாலைந்து ஊசிகள்.

"அவனுக்குக் கல்யாணம் கண்ணு."

வாயில் ஊசி இருந்ததால் அவளால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. நல்லதாகப் போயிற்று.

"போகக் கூடாதுன்னுதான் இருந்தேன்" என்றார் அத்தை, கண்ணாடியிடம் சொல்வது போல. "ஒத்தப் புள்ள. நான் போகலன்னா அவன் பக்கம் நிக்க ஆளில்ல. நாளைக்கு நான் விழுந்து கிடந்தா தூக்கறதுக்கும் அவன்தான் வரணும். வீம்பு பிடிக்கற வயசு தாண்டிடுச்சு எனக்கு."

அவள் ஊசிகளைக் கையில் எடுத்துக்கொண்டாள். "வேற கடைக்குப் போயிருக்கலாமே அத்தை."

"போனேன். எல்லாரும் கறுப்புல ஒரு சாக்க எடுத்துக் கொடுக்கறாங்க. என்னப் பாத்து எடுக்கத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். வெக்கத்த விட்டுட்டு வந்துட்டேன்."

கண் கலங்குவதை அத்தை பார்க்கக் கூடாதென்று அவள் எழுந்து கண்ணாடிச் சுவரோரம் போய் நின்றாள். தெருவுக்கு அந்தப் பக்கம், ஒரு காரின் அருகே, வெயிலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். நல்ல உயரம். நீச்சல்காரிக்கு இருப்பது போல அகலமான தோள். அந்தத் தோளை ஒளிக்க நினைத்து, கழுத்தைச் சுற்றிச் சுருக்கு வைத்த காலரும் உப்பிய கையுமாக ஒரு சட்டை போட்டிருந்தாள். அது தோளை இன்னும் இரண்டு மடங்காக்கியது. அது போதாதென்று கூனிக்கொண்டு வேறு நின்றாள்.

யாரென்று கேட்கத் தேவையிருக்கவில்லை. ஆனால் ஆத்திரம் வருவதற்கு முன்பே கண் தன் வேலையைத் தொடங்கியிருந்தது. அந்தக் காலர் அந்தத் தோளுக்கு ஆகாது.

"அவதான் வண்டியில கொண்டுவந்து விட்டா" என்றார் அத்தை பின்னாலிருந்து. "உள்ள வர மாட்டேன்னுட்டா."

"அவங்களுக்குத் துணி எடுத்தாச்சா?"

"கடை கடையா ஏறி எறங்கினா. ஒண்ணும் பொருந்தல. ஒரு கடையில ட்ரையல் ரூம்லயே உக்காந்து அழுதுட்டா." சொன்ன பிறகுதான் அத்தைக்கு உறைத்தது. "உன்கிட்ட இதக் கேக்க நான் வரல கண்ணு. சத்தியமா."

"கூப்பிடுங்க."

"வேண்டாம்."

"வெயில்ல நிக்கறாங்க. கூப்பிடுங்க அத்தை."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று பிற்பாடு அவளே யோசித்துப் பார்த்ததுண்டு. இரக்கம் கொஞ்சம், தொழில் திமிர் கொஞ்சம், தன்னிடம் இல்லாத எது அங்கே இருக்கிறது என்று பக்கத்தில் பார்த்துவிடுகிற ஆசை கொஞ்சம்.

அந்தப் பெண் வந்தாள். வந்தவள் கதவருகிலேயே நின்றாள்.

"நான் வந்திருக்கக் கூடாது."

"வந்தாச்சு. தோள நிமித்துங்க."

அந்தப் பெண் நிமிர்ந்தாள். இவள் டேப்பை எடுத்தாள். கண்ணளவே போதும்தான், ஆனால் கைக்கு ஏதாவது ஒரு வேலை தேவைப்பட்டது. டேப்பை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தபோது, இந்த இடுப்பில்தான் அவன் கை இருக்கும் என்ற நினைவு வந்தது. டேப் நழுவியது. குனிந்து எடுத்துக்கொண்டாள்.

"மூச்ச இழுத்துப் பிடிக்காதீங்க. அளவு பொய் சொல்லும்."

"உங்களப் பத்தி அவர் ஒரு வார்த்தை தப்பா சொன்னதில்ல" என்றாள் அந்தப் பெண், தாழ்ந்த குரலில்.

தப்பாகச் சொல்லியிருந்தால் தேவலை என்று இவளுக்குத் தோன்றியது. "கைய எறக்குங்க" என்று மட்டும் சொன்னாள்.

சந்தன நிறத்தில் ஒரு கவுன் இருந்தது. தோளில் சுருக்கோ பூவோ எதுவும் கிடையாது. கழுத்து ஆழமாகக் கூம்பி இறங்கும், கை உடம்போடு ஒட்டிப் போகும். ஆனால் இடுப்பிலிருந்து துணியை வாரி வழங்கியிருந்தாள், நடந்தால் அலையடிக்கும். மேலே இருக்கிற அகலத்துக்குக் கீழே ஒரு விரிவு வந்துவிட்டால், அதே தோள் ராணியின் தோளாகிவிடும். வைத்துத் தைத்தது போல இருக்கப்போகிறது என்று கையில் எடுக்கும்போதே தெரிந்தது. கை ஒரு நொடி தயங்கியது. பக்கத்தில் சுமாரான ஒன்றும் தொங்கிக்கொண்டிருந்தது. அதைக் கொடுத்திருந்தாலும் யாருக்கும் தெரிந்திருக்காது. சந்தன நிறத்தையே கொடுத்தாள்.

திரையை விலக்கிக்கொண்டு அந்தப் பெண் வெளியே வந்தாள். கூன் போயிருந்தது. தன்னையே நம்ப முடியாத முகம்.

"அத்தை, எப்படி இருக்கு?"

அத்தை என்ற அந்தச் சொல்லை அந்தக் கடையில் இதுவரை ஒரு வாய்தான் சொல்லியிருந்தது. அத்தை நிமிர்ந்து இரண்டு பேரையும் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"நல்லாருக்கும்மா" என்றார்.

அவள் அத்தையின் கவுன் ஓரத்தைத் தைத்து, இரண்டையும் மடித்துப் பையில் போட்டுக் கொடுத்தாள். அந்தப் பெண் பைகளை வாங்கிக்கொண்டு காருக்குப் போனாள். அத்தை மட்டும் நின்றார்.

"இனிமே நான் இங்க வர முடியாது கண்ணு. அவன் கேட்டுக்கிட்டான். புதுசா ஒண்ணு தொடங்கறப்ப பழசு வேண்டாம்னான். இன்னிக்குக்கூட அந்தப் பொண்ணுதான் அவனுக்குத் தெரியாம கூட்டிட்டு வந்தா."

"பட்டன் அறுந்தா என்ன பண்ணுவீங்க?"

அத்தை அவள் கன்னத்தைத் தொட்டார். "அது தானா எப்ப அறுந்துது?" என்றார்.

எந்த வீட்டு வாசலைத் தாண்டும்போதும் "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர், அன்று ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினார்.

கல்யாணத்தன்று அவள் கடையைத் திறந்து வைத்திருந்தாள். பூட்டினால் மேலே போய்ப் படுக்கத்தான் வேண்டும். வந்தவர்களுக்கெல்லாம் பொறுமையாகத் துணி எடுத்துக் கொடுத்தாள். அடுத்த வாரம் அத்தை வருகிற நாளில், தன்னையறியாமல் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். பிறகு எடுத்து உள்ளே வைத்தாள்.

கொஞ்ச நாள் கழித்து, பள்ளிக்கூட ஆசிரியை ஒருத்தி வந்தாள். தேடித் தேடி ஒரு போட்டோவைப் போனில் எடுத்துக் காட்டினாள்.

"என் கூட வேலை பாக்கறவரோட சொந்தக்காரர் கல்யாணம். பொண்ணப் பாருங்க, அந்தத் தோளுக்கு அந்தக் கவுன். பக்கத்துல மாப்பிள்ளையோட அம்மா. அந்த வயசுல, அந்த உடம்புக்கு, எப்படி இருக்காங்க பாருங்க. அன்னிக்கு எல்லாரும் அதப் பத்திதான் பேச்சு."

அவள் பார்த்தாள். மயில்கழுத்து நிறம் வெளிச்சத்தில் நன்றாக எடுத்திருந்தது. அத்தை சிரித்துக்கொண்டிருந்தார். நடுவில் நின்றவன் மேல் அவள் கண் போகவில்லை.

"எங்க வாங்கினீங்கன்னு அந்த அம்மாவையே கேட்டேன். மகன் பக்கத்துலதான் நின்னாரு. வெளியூர்ல எடுத்ததுன்னு சொல்லிட்டாங்க. எனக்கு என்னவோ இது உங்க கை மாதிரியே இருந்துது. அவங்கள உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்ற சொல் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. ஆனால் தெரியுமென்று சொன்னால் அத்தை பொய் சொன்னதாக ஆகிவிடும்.

"தெரியாதுங்க" என்றாள்.

"அப்ப சரி. இதே மாதிரி எனக்கு ஒண்ணு தெச்சுத் தர முடியுமா?"

"இருங்க, டேப் எடுத்துட்டு வரேன்."

டேப் கழுத்திலேயேதான் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் ட்ரையல் ரூமுக்குள் போய்த் திரையை இழுத்து விட்டுக்கொண்டாள். புருஷன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போன அன்று வராத அழுகை இப்போது வந்தது. சத்தம் வெளியே கேட்காமலிருக்க, கொக்கியில் தொங்கிய யாருடைய கவுனையோ எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். அன்றைக்கு முகம் கழுவிவிட ஒருவர் வந்தார். இன்றைக்கு யார் வருவார்?

"என்னங்க, டேப் கிடைச்சுதா?" என்று வெளியே குரல் கேட்டது.

முந்தைய ஆள் விட்டுப்போன தண்ணீர் பாட்டிலில் கொஞ்சம் மிச்சமிருந்தது. அவளே முகத்தைக் கழுவிக்கொண்டு, திரையை விலக்கி வெளியே வந்தாள்.

"கைய ரெண்டையும் தூக்குங்க" என்றாள் ஆசிரியையிடம்.