இருபத்து நான்காம் கோடு

2024 ஜூன் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது மணி இருபது நிமிடம். இரவெல்லாம் பெய்த மழை விட்டிருந்தது, வெயில் வரவில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நின்று, சுசீலாபாய் மகனுடைய பொருட்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து வாங்கிக்கொண்டிருந்தாள். ஒரு ஜோடி செருப்பு. மூக்குக்கண்ணாடி. பாலிடெக்னிக் அடையாள அட்டை. ஜிப் வைத்த நீலப் பை. அதற்குள் பாதி தீர்ந்த இன்சுலின் குப்பி, சர்க்கரை பார்க்கும் கருவி, ஆரஞ்சு மூடி போட்ட மூன்று ஊசிகள். முந்தைய இரவு நினைவு தப்பிய நிலையில் கொண்டுவரப்பட்ட பிரஜின் இறந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. வயது பதினெட்டும் நான்கு மாதமும்.

“எல்லாம் உண்டல்லோ சேச்சி? இவிடெ ஒரு ஒப்பு” என்று பணியிலிருந்த நர்ஸ் பதிவேட்டைத் திருப்பி வைத்தாள்.

சுசீலாபாய் பேனாவை எடுத்தாள், எழுதவில்லை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால், முதல் கட்டிலில் கிடந்த கிழவருக்கு மற்றொரு நர்ஸ் மருந்து எடுத்துக்கொண்டிருந்தாள். குப்பி அதே குப்பி. ஊசியின் மூடி சிவப்பு.

“மோளே, அந்த ஊசி என்னத்துக்கு சிவப்பு?”

“குப்பி மருந்து மில்லிக்கு நாற்பது யூனிட்டல்லே, அதுக்கு சிவப்பு. இன்சுலின் பேனாவில போடுற மருந்து நூறு. அதுக்குத்தான் ஆரஞ்சு.”

“குப்பிய ஆரஞ்சுல எடுத்தா?”

“பாதிகூட கிட்டாது. ஆரு அப்படி எடுப்பா?”

சுசீலாபாய் செருப்புக்கும் கண்ணாடிக்கும் நீலப் பைக்கும் கையெழுத்துப் போட்டாள்.

பழவங்காடியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் அவள் ரவிக்கை தைப்பவள். கால் அங்குலம் பிசகாத கை என்று கடைக்காரரே வாடிக்கையாளரிடம் சொல்லுவார். ஏழு வயதில் பிரஜினுக்கு நோய் கண்டது முதல் பதினொரு ஆண்டுகள் மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் பேனாதான் கொடுத்தார்கள். எண்ணைத் திருப்பி வைத்து அவனே குத்திக்கொள்வான். பேனா கெட்டுப்போனால் அதன் மருந்தை ஊசியில் எடுக்க, அங்கிருந்த நர்ஸ் ஷாலு ஆரஞ்சு மூடி ஊசிகளும் கொடுத்து வைத்திருந்தாள்.

மே இருபத்து மூன்றாம் தேதி, பதினெட்டு முடிந்த பதினொரு பிள்ளைகளைப் பெரியவர்களின் வெளிநோயாளர் பிரிவுக்குக் கைமாற்றினார்கள். பலூன் கட்டினார்கள். சிகிச்சைக் கோப்பைத் தந்தார்கள். புதிய இடத்தின் மருந்துக் கவுண்டரில் பேனா மருந்து இல்லை, குப்பிதான் என்றார்கள். ஊசி இருப்பு இல்லை, வெளியே வாங்குங்கள் என்றார்கள். அடுத்த முறை வர வேண்டிய நாள் ஆகஸ்ட் இருபது என்று சீட்டில் எழுதினார்கள். ஒவ்வொருவரும் தத்தம் வேலையைச் செய்திருந்தார்கள்.

வரிசையில் அவளுக்குப் பின்னால் போனக்காடு எஸ்டேட்டைச் சேர்ந்த மாடம்மாள், மகள் கலைச்செல்வியோடு நின்றாள். ஊசி எந்தக் கடையில் கிடைக்கும் என்று கேட்ட அவளிடம் சுசீலாபாய்தான் சொன்னாள்: “வெளிய வாங்காண்டாம். ஷாலு தந்த ஊசி இருக்கே, அதுல எடுத்தாப் போரும்.”

குப்பி பழக்கமில்லாத பிரஜின் ஊசியைத் தாயிடம் நீட்டினான். காலையில் இருபத்து நான்காம் கோடு, இரவில் பதினாறாம் கோடு. விளக்குக்கு நேரே பிடித்து, குமிழி தட்டி, கோட்டின்மேல் நிற்குமாறு அவள் எடுத்தாள். பதினெட்டு நாள் எடுத்தாள். இருபத்து நான்கு என்று எடுத்ததில் பத்துகூட உடம்பில் இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் கருவியில் முந்நூற்றெண்பது காட்டியது. “மறைச்சுத் தின்னுதியா?” என்று கேட்டாள். “நான் ஒண்ணும் திங்கல்லம்மா” என்றான். பத்தாம் நாள் நானூற்றுப் பத்து. ரொட்டியும் பிஸ்கட்டும் இருந்த அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகினாள். அன்றும் அதையே சொன்னான். அதன்பின் அவள் கேட்டபோது அவன் பதில் சொல்லவில்லை; குடம் குடமாகத் தண்ணீர் மட்டும் குடித்தான். ஷாலுவைக் கூப்பிடப் போனவளைத் தடுத்ததும் அவன்தான். “அந்தக் குஞ்ஞுங்களுக்க இடையில நான் இன்னும் போய் நிக்கணுமா அம்மா?”

வராந்தாவில் அவள் கணவன் ஜெபசிங் சுவரோரம் நின்றிருந்தான். நேற்றைய பெயின்ட் விரலிடுக்கில் காய்ந்திருந்தது. அவனுடைய தம்பி ஜெயன் ஒரு தாளை நீட்டினான்.

“மைனி, இதுல ஒரு ஒப்பு போடுங்க. அண்ணன் போட்டாச்சு. வண்டி வந்து கிடக்கு. நாலு மணிக்கு அடக்கம்னு பாஸ்டர்ட்ட சொல்லியாச்சு.”

அவள் தாளை முழுவதும் படித்தாள். மகன் நெடுநாளைய சர்க்கரை நோயால் இறந்தான். யாதொரு சந்தேகமும் இல்லை. பிரேதப் பரிசோதனை வேண்டாம்.

“ஷாலு வரட்டு” என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஷாலுவுக்குப் போன் செய்தாள்.

குழந்தைகள் பிரிவிலிருந்து மடக்கிய குடையோடு ஷாலு வந்தாள். சுசீலாபாய் நீலப் பையைத் திறந்து காட்டினாள். ஷாலு குப்பியைப் பார்த்தாள், ஊசியைப் பார்த்தாள், பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“ஆரு எடுத்தது, சேச்சி?”

“நான்.”

“எத்ர?”

“இருபத்து நாலு. கோட்டில எழுதியிருக்குற இருபத்து நாலு.”

ஷாலு ஆரஞ்சு மூடியைக் கழற்றி, கோடுகளைப் பார்த்து, திரும்ப மூடினாள்.

“போனக்காட்டுப் பிள்ளைக்கும் இதே ஊசிதான்” என்றாள் சுசீலாபாய். “நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.”

மாடம்மாளின் எண்ணை ஷாலு மூன்று முறை அழைத்தாள். எஸ்டேட் லயத்தில் ரேஞ்ச் கிடையாது. பிறகு எஸ்டேட்டுக்குப் பக்கத்திலிருந்த வித்துரா ஆஸ்பத்திரியை அழைத்து, யாரையோ பெயர் சொல்லிக் கெஞ்சினாள். அவர்கள் எஸ்டேட் ஆபீசுக்குச் சொல்லுவதாகச் சொன்னார்கள். அதன்பின் தன் கைப்பேசியிலிருந்து, கைமாறிய பிள்ளைகளின் பட்டியலை எடுத்து, வராந்தாவின் மறு கோடிக்கு நடந்தாள்.

என்ன நடந்ததென்று ஜெபசிங் கேட்டான். சுசீலாபாய் சொன்னாள். அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் அவள் கைகளைப் பார்த்தான்.

பத்து ஐம்பதுக்கு வித்துராவிலிருந்து அழைப்பு வந்தது. ஷாலு கேட்டுவிட்டு வந்து சொன்னாள்: “கலைச்செல்விக்கு ரெண்டு நாளா சர்த்தி, ஒண்ணும் வயித்துல நிக்கல்ல. நடக்கப் பற்றல்ல. ஜீப்புல கொண்டு வராங்க.”

“போதம் இருக்கா?”

“இருக்கு. குடிக்க வெள்ளம் கேக்குதாம்.”

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம்” என்றான் ஜெபசிங். “அப்ப அது தீந்தது. அந்தப் பிள்ளை வந்துரும். நீ ஒப்பு போடு சுசீலா.”

“தீரல்ல சேட்டா” என்றாள் ஷாலு. “பாக்கி ஒம்பது பேர். ஏழு பேர் போன் எடுத்தாங்க. அதுல மூணு பேர் கையில ஆரஞ்சுதான். ரெண்டு பேர போன்ல கிட்டவே இல்ல. அந்தக் கவுண்டர்ல இன்னிக்கும் ஊசி இல்லாமத்தான் குப்பி கொடுக்குது. நான் போய் வாயால பறஞ்சா, ஆரு சொன்னது, எழுத்து இருக்கான்னு கேப்பாங்க.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “சேச்சி இத எழுதித் தரணும். நானும் எழுதணும். ஊசி கொடுத்தது நானல்லே.”

“ஒங்களுக்கு வேல போவும். மைனிய போலீசு கேக்கும்” என்றான் ஜெயன். “என்னத்துக்கு இதெல்லாம்? செத்தவன் எழும்பி வருவானா?”

“நீ மிண்டாம இரி” என்றான் ஜெபசிங். பின் மனைவியிடம் திரும்பினான். “எழுதினா அவனக் கீறுவாங்க. பதினோரு வருசமா குத்தாத இடம் இல்ல அவனுக்கு. இன்னிக்கு ஒரு நாளாவது விடப்பிடாதா?”

அவள் நீலப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

“என்ன எழுதுவ அதுல? அம்மைதான் கொன்னான்னா?”

“இல்ல. எத்தன கோடுன்னு எழுதுவேன்.”

அவன் சுவரில் சாய்ந்தான். வராந்தாவில் யாரோ தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போனார்கள். அது மூலையில் திரும்பும்வரை அனைவரும் ஒதுங்கி நின்றார்கள்.

“அவன் எங்கிட்ட சொன்னான்” என்றாள் சுசீலாபாய். “ஒண்ணும் திங்கல்லன்னு.”

ஜெபசிங் சுவரைவிட்டு நகர்ந்தான். பிறகு ஜெயன் கையிலிருந்த தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

“வண்டிய போவச் சொல்லு” என்றான் தம்பியிடம். “பாஸ்டர்ட்ட நாளைக்குன்னு சொல்லு.”

ஷாலு இரண்டு வெள்ளைத் தாள்களைக் கொண்டுவந்தாள். ஒன்று தனக்கு, ஒன்று அவளுக்கு. நர்ஸ் மேசையின் ஓரத்தில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றியது. சுசீலாபாயின் தாள் இருமுறை எழும்பியது. அவள் இடுப்பிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்து அதன் மேல்மூலையில் வைத்தாள்.

பள்ளிக்கூடத்தில் தமிழில் எட்டாவதுவரை படித்தவள். தேதி போட்டாள். மருந்து கிடைத்த கவுண்டரையும் நாளையும் எழுதினாள். குப்பியில் அச்சிட்டிருந்த எண்ணைப் பார்த்து அப்படியே எழுதினாள். ஊசி மூடியின் நிறம். காலைக் கோடு. இரவுக் கோடு. எத்தனை நாள். எடுத்தது யார். கருவியில் காட்டிய எண்களைத் தேதிவாரியாக எழுதினாள். எல்லாம் அவளுக்கு மனப்பாடம். வேறு ஊரைச் சேர்ந்த வேறொரு தாயிடமும் இதையே சொன்னதாக ஒரு வரி. பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதம் என்று ஒரு வரி. எங்கும் அடித்தல் இல்லை.

கையெழுத்துக்கு முன் நிறுத்தினாள்.

“ஷாலு, ஒரு காரியம் விட்டுப்போச்சு. அதயும் சேக்கலாமா?”

“எழுதுங்க சேச்சி.”

இடம் குறைவாக இருந்தது. எழுத்தைச் சிறிதாக்கி, கடைசி வரிக்குக் கீழே எழுதினாள்: இந்தப் பதினெட்டு நாளும் என் மகன் மறைவாக எதுவும் சாப்பிடவில்லை.

அதற்கும் கீழே கையெழுத்துப் போட்டாள். ஜெபசிங் அருகே வந்து, கேட்காமலே பேனாவை வாங்கி, அவள் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதினான். வெளியே மீண்டும் மழை பிடித்திருந்தது.

சுசீலாபாய் சாவியைத் தாளின் மேலிருந்து எடுத்தாள். எங்கே வைப்பதென்று ஒரு கணம் பார்த்துவிட்டு, மேசைமேலேயே வைத்தாள். பிறகு தாளை இரு கையாலும் எடுத்து ஷாலுவிடம் நீட்டினாள்.