ஜெட்டின் நாட்குறிப்பு

ஜெட் முதல் முறை விழுந்தபோது நடிக்கிறான் என்று நினைத்து பூட்ஸ் காலால் நெட்டினேன். வேலைக்கள்ளன் என்று திட்டவும் செய்தேன். ஏழு வருஷம் குரைத்தே என் ஆட்டு மந்தையை மலையிலிருந்து இறக்கிக் கொடுத்த நாய். இன்றைக்கும் அந்தக் காலைப் பார்த்தால் எனக்கே வெறுப்பாக இருக்கிறது.

மூன்றாவது முறை மயங்கியதும் கால்நடை மருத்துவர் நைரியிடம் கொண்டுபோனேன். இதயம் தாளம் தப்புகிறது என்றாள். துடிப்பைப் பதிவு செய்யும் சின்னக் கருவியை அவன் மார்பில் கட்டி, ஒரு நாள் வீட்டிலேயே வைத்திருங்கள், என்ன செய்கிறான் என்பதை மணியோடு எழுதுங்கள் என்று நோட்டும் கொடுத்தாள்.

மறுநாள் விடிந்தால், மதியத்துக்குள் பனி கொட்டும் என்கிறது வானொலி. நானூறு ஆடுகள் மேலே நிற்கின்றன. இன்னொரு நாய்க்குக் கால் சுளுக்கு. கருவியோடேயே ஜெட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். பத்தே முக்காலுக்குக் கால்கள் விறைத்து விழுந்தான். அரை நிமிஷத்தில் எழுந்து, தப்புச் செய்தவன் போல வாலை ஆட்டினான். நான் நோட்டில் எழுதினேன்: "10.45. தூங்குகிறான்."

நைரி பதிவையும் நோட்டையும் அருகருகே வைத்து வெகுநேரம் பார்த்தாள். ஜெட் மேசைக்கடியில் கிடந்தான்.

"தூக்கத்துலயே இதயம் இப்படி ஓடுதுன்னா மாத்திரைக்கு அடங்காது, மர்டோ. அவன் கஷ்டப்படறதுக்கு முன்னாடி வலியில்லாம அனுப்பிடறதுதான் நல்லது."

என் பொய்யை நம்பி அவனைக் கொல்லப் பார்க்கிறாள். வெட்கத்தைப் பார்த்தால் நாய் போய்விடும்.

"அவன் தூங்கல. மலைமேல மந்தை ஓட்டிக்கிட்டிருந்தான். நான்தான் கூட்டிட்டுப் போனேன்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. நான் எழுதியதை அடித்துவிட்டு, ஓடும்போது மட்டும்தான் இப்படி என்றால் மாத்திரை கொடுத்துப் பார்க்கலாம், ஆனால் வேலை இனி கிடையாது என்றாள். பிறகு கேட்டாள்:

"விழறதுக்கு முன்னாடி அவனா எங்கயாவது நின்னானா?"

அதையும் மறைத்திருக்கலாம்.

"ரெண்டு தடவை திரும்பி வந்து என் காலடியில படுத்தான். நான்தான் விசில் அடிச்சு மறுபடி அனுப்பினேன்."

பேனா ஒரு கணம் நின்றது. பிறகு அதையும் எழுதிக்கொண்டாள்.

என் குரல் கேட்டதும் ஜெட் மேசைக்கடியிலிருந்து எழுந்து வந்து, அடுத்து எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று என் முகத்தைப் பார்த்து நின்றான்.