வியாழக்கிழமை இறந்தவள்

வில்லியனூரில் வக்கீல் அரங்கநாதனின் மேசையில் தீர்ப்பு நகலை வைத்தேன். வீட்டுக்கடன் வழக்கில் வங்கி ஜெயித்திருந்தது. நானும் என் மனைவி செல்வகுமாரியும் சேர்ந்து வாங்கிய கடன். மனை அவள் பெயரில். சம்மன் வந்தபோது அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். கோர்ட்டுக்கு யாரும் போகவில்லை.

"நீங்க வராததால ஒரே நாள்ல சாட்சி எடுத்து, அன்னைக்கே தீர்ப்பும் சொல்லிட்டாங்க. வியாழக்கிழமை" என்றார். பிறகு இறப்புச் சான்றிதழைப் பார்த்தார். "இவங்க தவறினது மறுநாள் வெள்ளி. ஒரு நாள் முன்னாடின்னா, செத்தவங்க மேல போட்ட தீர்ப்பு செல்லாதுன்னு அப்பீல்ல அடிச்சுப் பேசலாம்."

"வியாழன்தான் சார். விடியற்காலை."

அவர் பேனாவை மூடினார்.

"அப்போ இந்தத் தேதி யாரு குடுத்தது?"

"எங்க அத்தை."

புதன்கிழமை டாக்டர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் விடியும்போது முடிந்துவிட்டது. செல்வகுமாரியின் அம்மா வேலம்மாள் எழுந்து போய்க் காலண்டரைப் பார்த்தார். ரேவதி. அந்த நட்சத்திரத்தில் செத்தால் அடைப்பு என்பார்கள். உடலை வாசல் வழியாக எடுக்கக் கூடாது, சுவரை இடித்து எடுக்க வேண்டும். வீட்டை ஆறு மாதம் பூட்டி வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை அஸ்வினி. அதற்கு அடைப்பு இல்லை.

"அவ பாத்துப் பாத்துக் கட்டன வூடு மாப்ள. இடிக்க வுடமாட்டேன்" என்றார். கதவைச் சாத்தினார்.

பக்கத்து வீட்டு இளவரசி ரசம் கொண்டுவந்தாள்.

"அக்கா இன்னா பண்ணுது?"

"மாத்திர போட்டுத் தூங்குது" என்று அத்தை தூக்கை வாங்கிக்கொண்டார். மத்தியானம் மகளுக்குத் தலை வாரிவிட்டார். நான் நாற்காலியில் இருந்தேன். வெள்ளி விடிந்த பிறகுதான் வாய்விட்டு அழுதார்.

வக்கீலைப் பார்த்துவிட்டு வந்தபோது அத்தை கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் வியாழக்கிழமை என்று கையெழுத்துப் போட்டால் வீட்டுக்கு ஒரு வழி இருக்கிறது.

"நீங்க சொன்னா ஆவாதா?"

"நான் கடன் வாங்கினவன். என் பேச்ச நம்ப மாட்டாங்க."

"செத்த பொண்ண ஒரு நா முழுக்க மறச்சி வச்சாளேன்னு ஊரு காறித் துப்பும்."

"ஆமா அத்தை."

"ஆமான்றீங்க பாரு. இல்லன்னு ஒரு வார்த்த வருதா ஒங்க வாயில?"

மறுநாள் என்னோடு வக்கீலிடம் வந்தார். குமாஸ்தா பிரமாண வாக்குமூலத்தைப் படித்துக் காட்டினார். 'வீட்டில் இறந்துவிட்டார்' என்ற இடத்தில் அத்தை கையை நீட்டி நிறுத்தினார்.

"எம் மடியிலன்னு போடுங்க."

"அதெல்லாம் தேவையில்லம்மா" என்றார் வக்கீல்.

அத்தை கையெழுத்துப் போட்டார்.

அப்பீலை எடுத்துக்கொண்டார்கள். விசாரணை முடியும்வரை வங்கி வீட்டைத் தொடக் கூடாது என்று தடையும் கிடைத்தது. சொன்னதும் அத்தை கடைத்தெருவுக்குப் போய் ஒரு பூட்டு வாங்கிவந்தார்.

"வியாழக்கெழமன்னு கோர்ட்டுலயே சொல்லியாச்சி. இனிமே ஆறு மாசம் பூட்டணும்."

"அத்தை, வீடு வேணும்னுதானே இவ்வளவும் செஞ்சோம்."

"வூட்ட கோர்ட்டு பாத்துக்கும். அவளுக்குச் செய்யறத நாமதான் செய்யணும்."

சட்டைகளைப் பையில் போட்டேன். சமையலறையில் இளவரசியின் தூக்கு கழுவிக் கவிழ்த்தபடியே இருந்தது. எடுத்துக்கொண்டேன். கதவில் வங்கி ஒட்டிய நோட்டீஸ் பாதி கிழிந்து தொங்கியது. அதற்குக் கீழே பூட்டினேன். அத்தை சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு, கரையாம்புத்தூரில் தன் வீட்டுக்குப் போக பஸ் ஸ்டாப்புக்கு நடந்தார். எனக்கு மூலக்குளத்தில் ஒரு வாடகை அறை.

வேலியோரம் இளவரசி நின்றிருந்தாள். தூக்கைக் கொடுத்தேன்.

"அண்ணா, அன்னைக்கு அக்காவுக்குக் குடுத்த ரசம்…" என்று நிறுத்தினாள்.

"நான் குடிச்சேன்" என்றேன்.