நேரில் கண்டவர்: சுபத்ரா

அருப்புக்கோட்டை அச்சகத்தில் ‘திக்கு’ இதழின் மார்கழிக் கட்டுகள் அடுக்கியிருந்தன. மேல் கட்டைப் பிரித்த சுபத்ராவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அட்டையில் அவள் ஊர்க் கண்மாய் நீலமாக நிறைந்து கிடந்தது. கீழே, ‘நேரில் கண்டவர்: சுபத்ரா’ என்று போட்டிருந்தது.

பாவி மனுஷன், அவள் சொன்ன பொய்யை நம்பித் தொலைத்திருக்கிறார்.

அவள் புருஷன் ராமசுப்பு புவியியலுக்கென்றே ஒரு பத்திரிகை ஆரம்பித்தபோது திருச்சுழி வட்டாரமே சிரித்தது. “மானம் பாத்த பூமியில இவுக மலையையும் கடலையும் அச்சடிக்கப் போறாகளாம்” என்றார்கள். அவரா அசருகிற ஆள்? பிடித்தால் உடும்புப் பிடி. ஓடையோ பாறையோ, தன் கண்ணால் பார்க்காமல் ஒரு கோடு வரைய மாட்டார். மார்கழி இதழுக்கு ஊர்க் கண்மாய்தான் அட்டை. தண்ணீர் நின்றால் நீலம், வறண்டால் வெறும் கோடு. பார்த்தவர் பெயர் அடியில் இருக்கும். எந்த வருஷமும் அது அவர் பெயர்தான். அந்த அட்டையைப் பள்ளிக்கூடச் சுவர்களில் ஒட்டி வைத்தார்கள்.

இந்த வருஷம் அவர் மதுரை ஆஸ்பத்திரியில் கிடந்தார். அவள் துணிமணி எடுக்க ஊருக்குப் போய்த் திரும்பியதும், “கண்மாய்க்குத் தண்ணி வந்துச்சா?” என்று கேட்டார். கார்த்திகைக்குப் பிறகு மழை இல்லை, கர்ணனுக்குப் பிறகு கொடை இல்லை என்பார்கள். கார்த்திகையும் முடிந்திருந்தது, கண்மாயில் புழுதிதான் பறந்தது. அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

“கரை முட்ட நிக்கிது” என்றாள். பச்சைப்பிள்ளை மாதிரி சிரித்தார். அதை அவர் அச்சகத்துக்குப் போனில் சொன்னது அவளுக்குத் தெரியாது. அந்த வாரமே கண்ணை மூடிவிட்டார்.

“விடுங்கக்கா” என்றார் அச்சகக்கார மாதவன். “இதுதான் கடைசி இதழு. எவன் வந்து கண்மாயை எட்டிப் பாக்கப் போறான்?”

“அவுக இருந்தா பாத்திருப்பாக.”

“நானும் அவுககிட்டக் கேட்டேன்க்கா, நீங்க பாக்காம எப்படிப் போடன்னு. ‘அவ பாத்தா நான் பாத்த மாதிரிதான்’னு சொன்னாக.”

சுபத்ரா அந்தக் கட்டின் மேலேயே உட்கார்ந்து கதறிவிட்டாள். செத்தவீட்டில்கூட அவள் அப்படி அழவில்லை.

பிறகு முகத்தைத் துடைத்தாள். “ஒரு துண்டுச்சீட்டு அடிங்க. கண்மாய் வறண்டு கிடக்கு, சுபத்ரா சொன்னது பொய்னு போடுங்க. எல்லா அட்டையிலயும் ஒட்டணும்.”

“அவுக ஏமாந்து போயித்தான் செத்தாகன்னு ஊருக்கே தெரிஞ்சிருமேக்கா.”

“தெரியட்டும். பொண்டாட்டிய நம்புனது ஒரு குத்தமா?”

முதல் சீட்டை அவளே பசை தடவி நீலத்தின்மேல் அழுத்தி ஒட்டினாள். அவர் கடைசியாகச் சிரித்தது அந்தத் தண்ணீரை நினைத்துத்தான்.